டீச்சர் ரெஸ்டியின் பத்துப் பிள்ளைகள்

எங்கள் ஊர் அரிசிக்கடை வரிசையில் யாராவது இடையில் நுழைந்திருந்தால், டீச்சர் ரெஸ்டி தெருமுனையில் திரும்பும்போதே அவர்கள் தானாகப் பின்னால் போய்விடுவார்கள். அவர் திட்டுவதில்லை. பக்கத்தில் வந்து குனிந்து, கண்ணுக்கு நேரே கண் வைத்து, "யாரு முதல்ல வந்தாங்க? யோசிச்சுச் சொல்லுங்க பாப்போம்" என்பார். ஐம்பது வயது டிரைசிக்கிள் ஓட்டுநருக்கு அதைவிட ஒரு அறை வாங்கிக்கொள்வது எளிது.

முழுப்பெயர் ரெஸ்டிட்டூட்டா காபஹுக். வயது ஐம்பத்து நான்கு. இருபத்து மூன்று வருடமாக ஆற்றங்கரைச் சிறுவர் மையத்தில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். அதற்கு முன்பு படகுத்துறையில் சுட்ட வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, மையத்தில் இருந்த பழைய டீச்சர் ஒரு மாலுமியோடு செபுத் தீவுக்குப் போய்விட்டாள். திங்கட்கிழமை பிள்ளைகள் வழக்கம்போல வந்து பூட்டிய கதவின் முன் நின்றார்கள். ரெஸ்டி கூடையோடு அந்த வழியாகப் போனார்.

"வாசல்ல யாரோ மறந்து வெச்சுட்டுப் போன குடை மாதிரி நின்னாங்க. நான்பாட்டுக்குப் போயிட முடியுமா?" என்பார். ஆளுக்கொரு பழம் கொடுத்து உட்கார்ந்தவர்தான். வேலைக்கான உத்தரவு வந்து சேரப் பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள்.

அவர் கணவர் கிறிசாந்தோ மீன் பிடிக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் ரெஸ்டியிடம் காலித் தட்டைச் சாய்த்துக் காட்டிவிட்டுத்தான் இன்றும் எழுந்திருப்பார்.

எங்கள் வட்டாரத்தில் இப்படிப் பத்து மையங்கள், பத்து டீச்சர்கள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை டவுனில் கூடிப் பயிற்சி எடுத்துக்கொள்வார்கள். பயிற்சிக்கூடத்தில் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். ஆகவே ஒருத்தி பாடம் நடத்த, மற்ற ஒன்பது பேரும் பிள்ளைகளாகிவிட வேண்டும். முதல் வருடம் கூச்சப்பட்டார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு குணம் படிந்துவிட்டது. மேட்டுத்தெரு நோர்பெர்த்தா அழும் பிள்ளை. உப்பளத்து யூஃபெமியா பிடுங்கும் பிள்ளை. கிளிசேரியா தூங்கும் பிள்ளை. பயிற்சி தருபவர்கள் மாறினார்கள். ஒரு வருடம் மணல் முக்கியம் என்றார்கள், அடுத்த வருடம் தாளம், அதற்கடுத்து உணர்ச்சி. பிள்ளைகள் மட்டும் மாறவில்லை, ஒரு வயதுகூட ஏறவில்லை.

பத்துப் பேருக்கும் பொதுவாகக் கொஞ்சம் சாமான்கள் உண்டு. மரக்கட்டைகள், ஒரு உலக உருண்டை, ஒட்டகச்சிவிங்கி வரைந்த உயர அட்டை, ஒரு தீயணைப்பான். எந்த மையத்துக்கு அரசாங்க மதிப்பீட்டாளர் வருகிறாரோ அந்த மையத்துக்கு முதல்நாளே இவை போய்ச் சேர்ந்துவிடும். கூடவே ஒன்பது டீச்சர்களும் தங்கள் மையத்துக்கு விடுமுறை விட்டுவிட்டு, வாழையிலையில் சுற்றி அவித்த சுமான் என்ற அரிசிப் பலகாரக் கட்டுகளோடு வந்து, தரை பெருக்கி, திரைச்சீலை கட்டுவார்கள். கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்குள் கிடையாது.

இந்த வருடம் ஒரு புது விதி வந்தது. மதிப்பீட்டில் தேறாத மையம் மூடப்பட்டு, பக்கத்து மையத்தோடு சேர்க்கப்படும். ஆற்றங்கரைக்குப் பக்கத்து மையம் அக்கரையில் இருந்தது. மூங்கில் பாலத்தைப் போன புயல் எடுத்துக்கொண்டு போயிருந்தது. பதினான்கு பிள்ளைகளும் படகில்தான் போக வேண்டும்.

"என் பையனைப் படகுல ஏத்த மாட்டேன். படிக்காட்டி வீட்லயே கெடக்கட்டும்" என்றாள் ஒரு தாய். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். ரெஸ்டி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதிப்பீட்டாளர் வருவதாகச் சொன்னது வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை ஒரு பிள்ளைக்குக் கண்வலி. புதன்கிழமை ஆறு பேருக்கு. வியாழன் விடியும்போது பதினான்கு பேருக்கும் கண் சிவந்து பீளை கட்டிவிட்டது. யாரும் வெளியே வரக்கூடாது என்று சுகாதார நிலையத்துச் செவிலி வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனாள். மதிப்பீட்டாளர் அப்போது படகில் வந்துகொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்கு மேம் டெல்ஃபினா உள்ளே வந்தார். மெலிந்த உருவம், ஒரு கையில் குடை, மறு கையில் நாற்பது பக்கப் படிவம். அறையில் டீச்சர்கள் பத்துப் பேர். அவர்களோடு ஊர்த் தலைவர் வென்செஸ்லாவ். தலைவருக்கான கப்பித்தான் என்ற பட்டத்தைச் சுருக்கி எல்லோரும் காப் என்றுதான் கூப்பிடுவோம். ஆதாரத்துக்குப் படமெடுக்க ஊர் அலுவலகத்திலிருந்து நான் வந்து சன்னலோரம் நின்றிருந்தேன். நடுவில் பதினான்கு காலி நாற்காலிகள், முழங்கால் உயரத்தில்.

"பிள்ளைங்க எங்க?"

"கண்ணு செவந்துபோச்சு மேம்" என்றார் ரெஸ்டி.

"எல்லாருக்குமா?"

"ஒருத்தனுக்குத்தான் வந்துது. பங்கு வெச்சுச் சாப்பிடணும்னு சொல்லிக் குடுத்திருந்தேன். கண்வலியையும் பங்கு வெச்சுட்டான்."

மேம் டெல்ஃபினா சிரிக்கவில்லை. "கொறஞ்சது பத்துப் பேரு ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்கணும். இல்லன்னா என்னால எழுத முடியாது. இனி அடுத்த வருஷம்தான்."

"அடுத்த வருஷம் மையமே இருக்காதே மேம்" என்றார் காப்.

"அது என் படிவத்துல இல்ல காப்."

ரெஸ்டிக்குப் பதற்றம் வந்தால் ஏதாவது அடுக்க ஆரம்பிப்பார். அன்று நாற்காலிகளை அடுக்கினார். ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து வட்டமாகப் போட்டார். வேறு எந்த எண்ணமும் அவருக்கு இல்லை. ஆனால் வட்டமாகப் போட்ட சிறு நாற்காலிகளைக் கண்டால் அந்த ஒன்பது பெண்களுக்கும் செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். சுமான் தட்டுகளைக் கீழே வைத்தார்கள். உட்கார்ந்தார்கள். இத்தனை வருடப் பழக்கம் மூளையில் இல்லை, முட்டியில் இருந்தது. உட்கார்ந்த பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிளிசேரியா அதற்குள் கண்ணை மூடியிருந்தாள்.

"இது என்ன கூத்து?" என்றார் மேம் டெல்ஃபினா.

"பயிற்சில இப்பிடித்தான் மேம்" என்றார் ரெஸ்டி, அவரே திகைத்துப்போய். "மேலேயிருந்து வந்தவங்க சொல்லிக் குடுத்தது."

மதிப்பீட்டாளர் படிவத்தைப் புரட்டினார். முன்னும் பின்னும் தேடினார். மையத்தில் சேரும் பிள்ளைக்கு மூன்று வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. எந்த வயதுக்கு மேல் கூடாது என்பதை நாற்பது பக்கத்தில் யாரும் எழுதியிருக்கவில்லை. வெளியே படகுக்காரன் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவான்.

"எல்லாருக்கும் மூணு வயசு முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு மேம்" என்று ஒன்பது பேரும் ராகம் போட்டார்கள்.

"ஒம்பதுதான் இருக்கு."

எல்லோரும் காப்பைப் பார்த்தோம். காப்புக்கு அறுபத்தொரு வயது. அடர்ந்த மீசை. அவர் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பத்தாவது நாற்காலிக்குள் இறங்கினார். மேம் டெல்ஃபினா பேனாவைத் திறந்து பெயரும் பிறந்த தேதியும் எழுதத் தொடங்கினார்.

"காலை வணக்கம், பிள்ளைங்களா" என்றார் ரெஸ்டி.  

பிரார்த்தனை, பாட்டு, இன்று என்ன கிழமை, வானம் எப்படி இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தது. நடுவில் மதிப்பீட்டாளர் சுவர்ப்பக்கம் போய் நின்றார்.

"இந்தத் தீயணைப்பானை நான் பாத்திருக்கேன். போன மாசம், மேட்டுத்தெருவுல."

"அதுக்கு ஊர் சுத்தப் பிடிக்கும் மேம்" என்றாள் யூஃபெமியா, மழலைக் குரலில்.

"யூஃபெமியா, பேசணும்னா என்ன செய்யணும்?"

யூஃபெமியா கையை உயர்த்தினாள்.

"டீச்சர், எனக்கு வெளிய போகணும்" என்றார் காப். எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது.

"நாற்காலிய வெச்சுட்டுப் போகணும், வென்ஸ்."

"நான் விட்டுட்டேன் டீச்சர். அதுதான் விடமாட்டேங்குது."

இரண்டு பெண்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, ரெஸ்டி காப்பின் கையைப் பிடித்து இழுத்தார். மதிப்பீட்டாளர் கடிகாரத்தைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார்.

மரக்கட்டை விளையாட்டில்தான் வினை வந்தது. நோர்பெர்த்தா ஒரு வீடு கட்டினாள். யூஃபெமியா வழக்கம்போலக் கூரையை எடுத்துக்கொண்டாள். நோர்பெர்த்தா அழுதாள். பயிற்சியில் மூன்று விசும்பலோடு நிறுத்திவிடுவாள். அன்று நிற்கவில்லை.

"டீச்சர் சங்கத் தலைவர் பதவியையும் நீ எடுத்துக்கிட்ட. இப்பக் கூரையையும் எடுத்துக்கிற!"

"நீ ரெண்டு கூட்டத்துக்கு வரலையே! வராதவள எப்பிடித் தலைவரா வெக்கிறது?" யூஃபெமியாவின் மழலை காணாமல் போயிருந்தது.

"என் புருஷன் ஆஸ்பத்திரில கெடந்தான்டி!"

கிளிசேரியா கண்ணைத் திறந்தாள். மதிப்பீட்டாளரின் பேனா நின்றுவிட்டது. சண்டை முற்றினால் இரண்டு பேரில் ஒருத்தி எழுந்து போய்விடுவாள், ஒன்பதாகிவிடும், எல்லாம் முடிந்துவிடும். நோர்பெர்த்தாவின் ஒரு கால் ஏற்கனவே வாசலைப் பார்த்து நீண்டிருந்தது.

ரெஸ்டி இருவருக்கும் நடுவில் மண்டியிட்டார். முட்டி சத்தம் போட்டது.

"யூஃபெமியா, நோர்பெர்த்தா முகத்தைப் பாரு. என்ன தெரியுது?"

"அழுவுது."

"ஏன் அழுவுதுன்னு கேட்டியா?"

"கேக்கல, மனாங்." அக்கா என்று சொல்லிவிட்டாள்.

"இங்க டீச்சர்."

"கேக்கல, டீச்சர்."

"இப்ப கேளு."

யூஃபெமியா கேட்டாள். நோர்பெர்த்தா சொன்னாள். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது, கட்டிலுக்கடியில் அட்டை விரித்துப் படுத்தது, சங்கத்திலிருந்து யாருமே எட்டிப் பார்க்காதது. சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது.  ரெஸ்டியின் கண் ஒருமுறை தரைக்குப் போய்த் திரும்பியது, ஏனென்றால் போகாதவர்களில் அவரும் ஒருவர். ஓய்வுப் பாட்டை விட்டுவிட்டார்கள். கடைசியில் யூஃபெமியா கூரையைத் திருப்பி வைத்தாள். தலைவர் பதவியைத் தருவதாகச் சொல்லவில்லை. நோர்பெர்த்தா கூரையைச் சரியாகத் திருத்தி வைத்துக்கொண்டாள்.

பலகார வேளையில் மேம் டெல்ஃபினா தட்டிலிருந்து ஒரு சுமானை எடுத்தார்.

"கை கழுவியாச்சா?" என்றார் ரெஸ்டி.

மதிப்பீட்டாளர் சுமானைத் தட்டில் வைத்துவிட்டு, குழாயடிக்குப் போய், காப்புக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.

கிளம்பும்போது ரெஸ்டி படகுவரை கூடப் போனார். "தேறுமா மேம்?"

"நான் பாத்ததை மட்டும்தான் எழுதியிருக்கேன். ஒண்ணையும் மறைக்கல. எல்லாக் கட்டமும் நெறஞ்சிருக்கு." குடையை மடக்கினார். "மேல இதை யாராவது படிப்பாங்களான்னுதான் எனக்குத் தெரியாது."

பிள்ளைகளின் கண் தெளிந்தது. மையம் மறுபடி நடந்தது. பதில் மட்டும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து ரெஸ்டி நாற்காலிகளின் வட்டத்தைக் கலைத்து, இரண்டு இரண்டாக நீளமாகப் போட்டார். "இது படகு. யாரும் எந்திரிக்கக் கூடாது. கைய வெளிய விடக் கூடாது. தண்ணி தெறிச்சா பயப்படக் கூடாது." தினமும் அரைமணி நேரம் பிள்ளைகள் துடுப்புப் போட்டார்கள். ரெஸ்டி பக்கவாட்டில் நடந்துபோய் ஒவ்வொருவர் தோளையும் நேராக்கிவிடுவார். அதைப் படமெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பிரித்து உரக்கப் படிக்கும் வேலை எனக்கு. ஆற்றங்கரை மையத்துக்கு மூன்று வருட அங்கீகாரம். காப் மேசையைத் தட்டினார். ரெஸ்டி, "கீழ என்ன போட்டிருக்கு?" என்றார்.

கீழே குறிப்புகள் இருந்தன. பிள்ளை நோர்பெர்த்தாவின் குடும்பச் சூழல் கவனிக்கத்தக்கது. மாதம் ஒருமுறை வீட்டுக்கே சென்று பார்க்கவும். பிள்ளை கிளிசேரியாவின் தூக்கம் பற்றிப் பெற்றோரிடம் பேசவும். பிள்ளை வென்செஸ்லாவ் வயதுக்கு மீறிய எடையுடன் காணப்படுகிறான். மாதந்தோறும் எடை பார்த்து விவரம் அனுப்பவும்.

"டீச்சர், கடைசிக் குறிப்பை மட்டும் கண்டும் காணாம விட்டுரலாமா?" என்றார் காப்.

"அரசாங்கக் கடிதம், காப். சனிக்கிழம காலைல, வெறும் வயித்தோட வாங்க."

ரெஸ்டி முதல் குறிப்பை இன்னொருமுறை படிக்கச் சொன்னார். படித்தேன். "நியாயம்தான்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒன்பது பேரும் சுமான் கட்டிக்கொண்டு மேட்டுத்தெருவுக்குப் போனார்கள், யூஃபெமியா முன்னால். நோர்பெர்த்தாவின் கணவர் நன்றாகக் குணமாகிக் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். இத்தனை பேர் திரண்டு வருவதைப் பார்த்துத் தன் உடம்புக்கு மறுபடி ஏதோ ஆகிவிட்டது, தன்னிடம் மறைக்கிறார்கள் என்று நினைத்துப் போய்ப் படுத்துக்கொண்டார்.

கடிதம் வந்த அன்றே மதியம் ரெஸ்டி நாற்காலிகளை மறுபடி வட்டமாகப் போட்டார். பதின்மூன்று பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். மைகா என்ற பெண்பிள்ளை மட்டும் படகின் கடைசி நாற்காலியை விட்டு எழுந்திருக்க மறுத்தாள்.

"இன்னும் அக்கரை வரலையே டீச்சர்."

ரெஸ்டி போய் அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். இருவருமாகக் கொஞ்ச நேரம் துடுப்புப் போட்டார்கள்.