கன்னத்தில் ஒதுக்கிய சர்க்கரை அச்சு

எழுபதுகளில், கணவரின் ரயில்வே வேலைக்காக மைசூருக்குக் குடிவந்தோம். அங்கே சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கலந்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். கூடவே கிளி, மீன் உருவில் சர்க்கரை அச்சும் வரும். வந்த அச்சுகளை டப்பாவில் சேர்த்துவைத்து, சமைக்கும்போதெல்லாம் ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வேன். தீர்ந்தால் கடையில் வாங்குவேன். கடைவாய்ப்பல் சொத்தையானது. பிடுங்கிவிடுவார்களே என்று பயந்து கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த சங்கராந்தியன்று வீட்டுக்கார அம்மா நாலு பெண்களோடு வந்து என்னைச் சூழ்ந்துகொண்டார். "எள்ளு பெல்லா திந்து ஒள்ளே மாத்தாடம்மா" என்று தட்டை நீட்டினார். தின்றுவிட்டு நல்லதாகப் பேசு என்று அர்த்தம். மறுப்பது மரியாதையில்லை. அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். போட்டுக்கொண்டேன். வெல்லம் சொத்தைக்குள் இறங்கியதும் உச்சந்தலைவரை வலி தெறித்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"மாத்தாடம்மா!" என்று சிரித்தார்கள்.

"ஐயோ, பல்லு!" என்றுதான் வந்தது.

மறுநாளே பல்லைப் பிடுங்கினார்கள். இப்போதெல்லாம் இனிப்பைச் சாப்பாட்டோடு முடித்து, வாய் கொப்பளித்துவிடுகிறேன். சங்கராந்தித் தட்டை நீட்டும்போது மட்டும், யாரையும் என் கண்ணெதிரே தின்னச் சொல்வதில்லை.