கடைசிக் கம்பி

அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்புகையில், ஒரகடம் சாலையோரத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். தொழிற்சாலைக்கென்று மதில் எழுப்பியிருந்த வெற்றிடத்தில் கல்லூரி மாணவிகள் சிலர் இரும்புக் கம்பிகளை ஒரே நேர்கோட்டில் அடித்து, ஒயர் இழுத்து, நிலத்தின் மின்தடையை அளந்துகொண்டிருந்தார்கள். கோடியில் நின்ற பெண் கையை உயர்த்தி, "அடிச்சாச்சு" என்றாள். மீண்டும் காரில் ஏற எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அக்கா இப்படிக் கம்பி அடித்த கோடையில் எனக்கு ஒன்பது வயது. பல்கலைக்கழகத்தில் புவி இயற்பியல் முதுகலை முதலாண்டை முடித்த அக்கா, துறையிலிருந்து இரவல் பெற்ற மின்தடை மீட்டர் ஒன்றை மரப்பெட்டியில் சுமந்துகொண்டு கோடை விடுமுறைக்கு எங்கள் ஊர் வடக்குப்பட்டுக்கு வந்திருந்தாள். மேட்டு நிலத்தில் கிணறு வெட்ட அப்பா தீர்மானித்திருந்தார். வேப்பங்குச்சி பிடித்து நீரோட்டம் சொல்பவரை விட்டுவிட்டு, மகளிடம் இடம் கேட்க அவர் இணங்கியதே பெரிய காரியம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்.

"தண்ணி வந்தா ரெண்டாவது வருசம் போ. வரலன்னா வூட்டோட இரு. மாப்ள பாத்துக்கினுதான் கீறோம்."

மீட்டர் நடுவில், இருபுறமும் இரண்டிரண்டு கம்பிகள். ஒவ்வோர் அளவுக்கும் கம்பிகளை இன்னும் விலக்கி அடிக்க வேண்டும். விலக விலக, மின்சாரம் இன்னும் ஆழத்துக்கு இறங்கும் என்றாள் அக்கா. ஒரு கோடிக்குத் தாய்மாமா, மறுகோடிக்கு நான்.

"இன்னாம்மா, பூமிக்கு ஊசி போட்டுக்கினு கீற. காய்ச்சல் எவ்ளோ?" என்றார் மாமா.

"நூத்தி நாலு மாமா. நீங்க பேச்ச நிறுத்துனா கொறையும்."

கடைசி அளவுக்கு டேப் காட்டிய இடத்தில் புற்று இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் தூவி, குங்குமமிட்டு, அம்மா பால் வார்க்கும் புற்று. அதில் இரும்பு பட்டால் வீட்டுப் பெண்ணுக்கு ஆகாது என்று அவள் சொல்லியிருந்தாள். வீட்டின் ஒரே பெண்பிள்ளை அக்கா. மீட்டர் இருந்த பக்கமாகப் பத்து எட்டு வைத்து, உள்ளே தள்ளிக் கம்பியை அடித்தேன். அவளைக் காப்பாற்றிவிட்ட பெருமிதத்துடன், "அடிச்சிட்டேன்" என்று கத்தினேன்.

அன்று மாலை அக்கா வரைதாளில் புள்ளிகளை இணைத்தாள். படுத்தே வந்த கோடு கடைசிப் புள்ளியில் மட்டும் தலை தூக்கியது. களிமண்ணுக்கு அடியில் மணற்கல் இருக்கிறது, மணற்கல்லில் தண்ணீர் இருக்கும் என்று அப்பாவிடம் இடத்தைக் காட்டினாள்.

கிணறு வெட்டத் தொடங்கிய நாலாம் நாள், அக்கா மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: "கம்பி கொஞ்சம் தள்ளிப் போனாலும் அளவு பொய்யாப் பூடும் மாமா." அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் பள்ளத்தின் விளிம்பில் போய் நிற்பேன். கூடையில் மேலேறி வந்தது சாம்பல் நிறக் களி. மறுநாளும் அதே களி. ஈரமாயிருக்கிறதா என்று பிசைந்து பார்ப்பேன். விரலில் மாவாக உதிரும். அக்காவும் ஒரு கட்டியை எடுத்துப் பிசைவாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

மூன்றாம் வாரம் அப்பா ஆட்களை நிறுத்தினார். பள்ளத்தைச் சுற்றி முள் வெட்டிப் போடச் சொன்னார், அவ்வளவுதான். அக்கா கம்பிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே அவளிடம் போய், புற்றைப் பற்றிச் சொன்னேன்.

துடைப்பதை நிறுத்தினாள். "உள்பக்கமா தள்ளினியா, வெளிப்பக்கமா?"

"உள்பக்கம்."

"எத்தினி எட்டு?"

"பத்து."

கையிலிருந்த கம்பியை மறுபடி துடைத்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு, "அந்தக் கடைசிப் புள்ளிய நான் கணக்குலயே சேக்கலடா. உன்னால ஒண்ணும் இல்ல. அப்பாகிட்ட இதெல்லாம் சொல்லிக்கினு இருக்காத. போய் சாப்புடு" என்றாள்.

நான் போய்ச் சாப்பிட்டேன். இரண்டு வாரப் பசி. அம்மா மறுசோறு போட்டாள். மீட்டரை மாமா துறையில் ஒப்படைத்துவிட்டு வந்தார். தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. பந்தலில் நான் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

பின்னாளில் நான் அதே துறையில் மாணவனாகச் சேர்ந்து, முதல் கள முகாமில் மீட்டரின் முன் உட்கார்ந்த அன்றுதான் அந்தக் கேள்வி திரும்பி வந்தது. உள்பக்கமா, வெளிப்பக்கமா, எத்தனை எட்டு. கணக்கில் சேர்க்காத புள்ளியைப் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை.