தாழ்ப்பாள் அக்கா

மூன்றாவது தாழ்ப்பாளையும் போட்டுத் திறந்து பார்த்த பிறகுதான் தரகு அம்மாள் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தார். பின்கதவுத் தாழ்ப்பாள் பாதியில் முரண்டு பிடித்தது.

"இது எத்தனை நாளா இப்படி?"

"கொஞ்சம் எண்ணெய் விட்டா சரியாப் போயிடும்மா."

"எண்ணெய்க்கு ஏங்கற தாழ்ப்பாள் சத்தம் போடும் சார். இது இடிக்குது. கதவு நிலை இறங்கியிருக்கு. மழைக்காலத்துல கதவு மூடாது, அப்படித்தானே?"

வீட்டுக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மழை வந்தால் அந்தக் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுப்பது தனக்கும் மனைவிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்திருந்த மனிதர் அவர்.

இந்த அம்மாளுக்கு வயது ஐம்பத்து நான்கு. தொழில் வீட்டுத் தரகு. அதற்கு முன்பு பதினோரு வருடம் இரும்புக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். கீல், கொண்டி, பூட்டு எல்லாம் அவருக்கு அங்கே கைவந்த சங்கதி. அவரைவிட மூத்தவர்கள்கூட அவரைத் தாழ்ப்பாள் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆள் குள்ளம். நடை வேகம். காலில் எப்போதும் வெள்ளை கான்வாஸ் ஷூ. கைப்பையில் ஒரு டார்ச், ஒரு அளவு நாடா, ஒரு கோலிக்குண்டு. கோலிக்குண்டு விளையாட அல்ல. கூடத்தின் நடுவில் வைத்தால் அது எந்தப் பக்கம் உருள்கிறதோ அந்தப் பக்கம் தரை சரிந்திருக்கிறது என்று அர்த்தம். புதிதாய்ப் பெயின்ட் அடித்த சுவரைக் கண்டால் போதும், கன்னத்தை அதில் வைத்து ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்வார். "சுவத்துக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று அவர் சொன்னால், உள்ளே எங்கோ குழாய் ஒழுகுகிறது. சொன்னது பொய்த்ததில்லை.

வீடு விற்பவர்களில் முரண்டு பிடிப்பவர்களைத்தான் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அல்வா மாதிரி வழுக்கிக்கொண்டு போகிற வியாபாரத்தில் என்ன இருக்கிறது என்பார். "வெளியூர்ல தம்பி இருக்கான், அவனும் ஒத்துக்கணும்" என்று கடைசி நேரத்தில் ஒருவர் இழுத்தார். "நம்பர் சொல்லுங்க, நானே பேசறேன்" என்று அங்கேயே போனை எடுத்துவிட்டார் அக்கா. பேசியபோதுதான் வீடு விற்பனைக்கு வந்திருப்பதே அந்தத் தம்பிக்குத் தெரிந்தது. அண்ணன் அன்று பட்ட பாடு சொல்லி மாளாது. "வேற ஒரு பார்ட்டி கூடக் கேக்குது" என்று மிரட்டுகிறவர்களுக்கு வேறு வைத்தியம். "நல்ல பார்ட்டின்னா விட்டுடாதீங்க" என்று மனதார வாழ்த்திவிட்டு எழுந்து போய், வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டத் தொடங்குவார். அவ்வளவு நிதானமாக உலகத்தில் யாரும் ஷூ மாட்டியிருக்க மாட்டார்கள். இரண்டாவது ஷூவின் நாடாவைத் தொடுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்துவிடும்.

வாங்க வருகிறவர்களுக்கு அவர் விதிப்பது ஒரே சட்டம். கேட்டருகிலேயே சொல்லிவிடுவார். "உள்ள போனதும் வாயைப் பூட்டிக்கணும். பிடிச்சிருந்தா சுவத்தைப் பாருங்க. ரொம்பப் பிடிச்சிருந்தா தரையைப் பாருங்க. முகத்துல ஆசை தெரிஞ்சுதோ, விலை மாடி ஏறிடும்." கூடவே வீட்டைப் பற்றிச் சொல்ல ஆளுக்கு ஒரு குறையும் சொல்லிக் கொடுத்து அனுப்புவார். சமையலறையைப் பார்த்ததும் கண் கலங்கிய ஒரு பெண்ணை, "தூசி ஒத்துக்காது அவங்களுக்கு" என்று சொல்லி வெளியே இழுத்து வந்திருக்கிறார்.

இத்தனை கெட்டிக்காரத்தனமும் ஒரு முறை அவர் காலையே வாரிவிட்டது.

பஸ் டிரைவர் ஒருவர் அவரிடம் வீடு கேட்டு வந்திருந்தார். அவருக்கு ஒரே மகள், பதினோரு வயது. பிறந்ததிலிருந்து நடக்க முடியாத பிள்ளை. குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. காலையில் தூக்கிக்கொண்டு இறங்கி, மாலையில் தூக்கிக்கொண்டு ஏறுகிறார். பெண் வளர வளர அவர் முதுகு தேய்ந்தது. இன்னும் ஒரு வருடம் தூக்கினால் நீங்களும் படுத்துவிடுவீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தரைத்தளமாக எத்தனையோ வீடுகள் பார்த்தாயிற்று. எல்லாவற்றிலும் உள்கதவுகள் ஒடுக்கம். சக்கர நாற்காலி நுழைந்தால் பிள்ளையின் முழங்கை சிராய்த்துக்கொண்டது.

எட்டு மாதம் தேடிக் கடைசியில் அக்கா ஒரு வீட்டைப் பிடித்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரின் வீடு. வாசலில் படி கிடையாது. ஐந்து கதவுகள், ஐந்தும் கட்டிலே நுழைகிற அகலம். ஒரு பழைய ஆஸ்பத்திரியை இடித்தபோது மனிதர் அந்தக் கதவுகளை வாங்கி, அவற்றுக்கு ஏற்றபடி சுவரைக் கட்டியிருந்தார். அக்கா நாடாவை விரித்து அளந்தார். சக்கர நாற்காலி இடிக்காமல் நுழையும். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

டிரைவரின் காதோரம் போய்ச் சொன்னார்: "கதவைத்தான் குறை சொல்லணும். எது வேணுமோ அதையே மட்டம் தட்டுங்க."

டிரைவர் சொல்பேச்சு கேட்கிற மனிதர். "என்ன சார் கதவு இது, ஆஸ்பத்திரிக்குள்ள வந்த மாதிரி இருக்கு. வீட்டுக்கு எதுக்கு இவ்வளவு பெருசு?" என்றார்.

எலக்ட்ரீஷியனின் முகம் சுருங்கியது. அன்றிலிருந்து தொடங்கியது இழுபறி. மறுமுறை போனபோது மின்விசிறிகள் விலையில் சேராது என்றார். அதற்கு அக்காவிடம் பதில் இருந்தது. வீட்டைக் காலி செய்ய ஆறு மாதம் வேண்டும் என்றார். அதற்கும் இருந்தது. மூன்றாவது முறை, "அஞ்சு கதவையும் நான் கழட்டிட்டுப் போறேன். பெருசா இருக்குன்னு சொன்னீங்கல்ல? நிலையை அடைச்சுச் சின்னக் கதவா மாட்டித் தரேன். விலை அதேதான்" என்றார்.

அக்கா ஷூவை மாட்டினார். இரண்டு நாடாவும் கட்டி முடிந்தது. கேட் வரைக்கும் நடந்தாயிற்று. யாரும் கூப்பிடவில்லை.

தெருவில் டிரைவர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். "நான்தானேக்கா வாயை வச்சுக் கெடுத்தேன்."

"வாய் உங்களுது. வார்த்தை என்னுது" என்றார் அக்கா. "கொட்டினவ நான், அள்ள வேண்டியதும் நான். போய் வண்டியை எடுங்க."

மறுநாள் காலையில் அவர் தனியாகப் போனார். டார்ச்சும் நாடாவும் பையை விட்டு வெளியே வரவில்லை. "தப்பு என் பேர்ல சார். உங்க கதவுக்காகத்தான் நாங்க வந்ததே" என்று ஆரம்பித்து, மாடியையும் பிள்ளையையும் முழங்கையையும் மறைக்காமல் சொன்னார்.

"அப்ப அன்னிக்கு ஏன் அவரு அப்படிப் பேசினாரு?"

"நான் பேசச் சொன்னேன். ஆசையைக் காட்டினா விலை ஏத்திடுவீங்கன்னு. இப்பவும் ஏத்தலாம். ஏத்தினா நான் சண்டை போடுவேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன்."

எலக்ட்ரீஷியன் கூடத்துக் கதவைத் தடவிக்கொண்டே நின்றார். "இருபத்தாறு வருஷமாச்சும்மா. வந்தவன் போனவன் எல்லாம் ஸ்ட்ரெச்சர் எங்கேன்னுதான் கேட்டான். என் பொண்டாட்டியும் சேர்த்துத்தான். நல்ல கதவுய்யா இதுன்னு ஒருத்தன் சொன்னதில்ல." கதவிலிருந்து கையை எடுத்து, "சாயங்காலம் அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

சாயங்காலம் வந்தார்கள். "அப்பா, பிடிக்காத. நானே போறேன்" என்று சக்கரத்தைத் தானே தள்ளிக்கொண்டு பெண் வாசலைத் தாண்டினாள். கூடம், ஒரு அறை, இன்னொரு அறை. குளியலறைக்குள் போய்த் திரும்பி வந்தவள், "முட்டவே இல்லப்பா!" என்று கத்தினாள். டிரைவர் கண்ணைத் துடைக்கக்கூட மறந்து நின்றார். எலக்ட்ரீஷியன் அவள் பின்னாலேயே அறை அறையாகப் போனார்.

சமையலறை வாசலில் முன்சக்கரம் தட்டி நின்றது. தண்ணீர் வெளியே வராமலிருக்கக் குறுக்கே ஒரு மரக்கட்டை பதித்திருந்தது, கட்டைவிரல் உயரத்துக்கு. "பரவாயில்ல, இங்க மட்டும் அப்பா தூக்குவாரு" என்றாள் பெண்.

எலக்ட்ரீஷியன் அந்தக் கட்டையையே பார்த்தார். விடுவிடுவென்று பின்னால் போனவர் உளியும் சுத்தியலுமாகத் திரும்பி வந்தார். பேசிய விலைக்கே எழுதிக் கொண்டுவந்திருந்த ஒப்பந்தத் தாளைக் கையெழுத்துப் பக்கத்தில் பிரித்து வைத்துக்கொண்டு அக்கா நின்றிருந்தார்.

"சார், கையெழுத்து..."

"இரும்மா. முதல்ல இது."

தரையில் உட்கார்ந்து ஓங்கி ஒரு அடி அடித்தார். கட்டை ஒரு பக்கம் எகிறி ஆடியது. அக்கா தாளைச் சமையல் மேடையில் போட்டுவிட்டு, மண்டியிட்டு உட்கார்ந்து, கட்டையின் மறுமுனையை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.