யாருக்கும் அவசரமில்லாத படகுத்துறை

போன வருடம் ஐப்பசி மழையில் நடந்தது இது. எங்களுக்கு வெண்ணந்தூர் பக்கம். நான் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கும் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். கடல் என்றால் எனக்கு டி.வி.யில் புயல் செய்தி வரும்போது பார்ப்பதுதான். அந்தக் கடல் என் வீட்டுக்காரரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று யார் கண்டது.

பட்டறையில் வேலை மந்தமாக இருந்த சமயம் ஒரு ஒப்பந்தக்காரர் ஆள் தேடி வந்தார். தூரத்தில் ஒரு கடலோர ஊரில் அரசாங்கம் உல்லாசப் படகுகள் நிறுத்தத் துறை கட்டுகிறது, இரும்பு மிதவைக்கு வெல்டிங் செய்ய ஆள் வேண்டும் என்றார். அரசாங்க வேலை, கூலிக்குப் பயமில்லை என்று பட்டறை ஆட்கள் சிலர் கிளம்பிப் போனார்கள். இவரும் போனார்.

துறை கட்டி முடிந்தது. பெரிய மனிதர்கள் வந்து ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். அப்புறம் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. துறையிலிருந்து கடலுக்குப் போகும் வாய்க்காலில் மணல் ஏறி, அரசாங்கப் படகுகள் வெளியே போக முடியாமல் நின்றன. ஒப்பந்தக்காரர் போனை அணைத்துவிட்டு மாயமானார். கூலி நின்றது. போய்க் கேட்டதற்கு, "நீங்க இருந்து துறையைப் பாத்துக்கங்க. அரசாங்கம் எங்கயும் ஓடிப் போயிடாது" என்று ஒரு அதிகாரி சொல்லியிருக்கிறார். கூடப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். இவர் மட்டும் வரவில்லை.

அவர் ஏன் வரவில்லை என்பது பட்டறை வழக்கம் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். லாரிக்கு பாடி கட்டி முடித்து, பெயின்ட் அடித்து, பூஜை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். ஆனால் கூலி தீராமல் வண்டி வாசலைத் தாண்டாது. வேலைக்காரர்கள் வண்டியை மறித்து உட்கார்ந்துகொள்வார்கள். உட்கார்ந்தவனுக்குக் கூலி, எழுந்து போனவனுக்கு நாமம். அந்த நியாயத்தைத்தான் இவர் கடலோரத்தில் போய்ப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழைத் தண்ணீர் ஏறினால் படகு முழுகிவிடுமாம். அதனால் தினமும் மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைத்துக்கொண்டு, பக்கத்து மீன் ஏலக்கூடத்தில் மூட்டை தூக்கிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்.

அவர் இல்லாத வீட்டைப் பற்றி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. சோறு வடிக்கும்போது கை தானாக அவருக்கும் சேர்த்து அரிசி போட்டுவிடும். வாசலில் அவருடைய மொபெட் நின்றது. எனக்கு ஓட்டத் தெரியாது. நின்று நின்று இஞ்சின் பிடித்துக்கொள்ளக் கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்டாண்டில் போட்டு மிதித்து ஓடவிடுவேன். "வண்டி எங்கியும் போற மாதிரி தெரியலியே" என்று எதிர்வீட்டு அக்கா கேலி பேசும். அந்தச் சத்தம் கேட்டால் அவர் வேலை முடிந்து வருவது போல இருக்கும் என்று அந்த அக்காவிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் பண்ணையிலிருந்து அந்தக் கடலோர ஊருக்கு முட்டை லாரி போகும். டிரைவர் தம்பியிடம் பருப்புப் பொடி, ஊறுகாய், சலவை செய்த சட்டை கொடுத்துவிடுவேன். கூலிகூட வாங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார். தீபாவளிக்கு அவரே வந்துவிடுவார் என்று இருந்தேன். கடைசியில் முறுக்கும் லாரியில்தான் போனது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில், அடுத்த திங்கட்கிழமை எங்கள் மாவட்ட கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதிக்கொண்டு போய்விட்டேன்.

குறை கேட்கும் மேசையில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். பிரச்சினை எந்த இடத்தில் என்று கேட்டார். "கடலோரத்துலங்க" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. கூட்டம் குறையட்டும், உட்காருங்கள் என்றார்.

மத்தியானம் என்னைக் கூப்பிட்டு முழுக்கதையும் கேட்டார். அந்தப் படகுத்துறை ஆபீசுக்கு என் எதிரிலேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஒப்பந்தக்காரர்தான் கூலி தர வேண்டும் என்றது அந்தக் குரல். ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிட்டீர்களே, இப்போது படகுத்துறை யார் கையில் என்று அதிகாரி கேட்டார். அது முடிவாகவில்லை என்றது. எப்போது முடிவாகும்? "இப்போதைக்கு யாருக்கும் அவசரம் இல்லீங்க மேடம்."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வண்டியை மறித்து உட்கார்ந்தால், அந்த வண்டியைக் கேட்டு ஒருத்தர் வாசலில் வந்து நிற்க வேண்டும். இங்கே வாசலில் யாருமே இல்லை.

போனை வைத்துவிட்டு அந்த அதிகாரி சொன்னார். "உண்மையச் சொல்றேம்மா. அரசாங்கம் கட்டுன துறை அது. எவன் ஓடிப் போனாலும் பொறுப்பு எங்களுதுதான். நான் எழுதி அனுப்பறேன், உடமாட்டேன். ஆனா அதுக்கு உங்க வீட்டுக்காரர் அங்க உட்கார்ந்திருக்கணும்னு இல்ல. அவரை வரச் சொல்லுங்க." அத்தனை மாதத்தில் 'பொறுப்பு எங்களுது' என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். தப்பே செய்யாதவர் அதைச் சொன்னார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

வெளியே வந்து என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"வந்துட்டா உட்டுட்டு ஓடிட்டான்னு சொல்லிப்போடுவாங்க புள்ள" என்றார்.

"ஏனுங்க, பட்டறையில வண்டிக்காரர் எதுக்குக் கூலியத் தீர்க்கறாரு? வண்டி ஓடுனாத்தான் அவருக்குப் பொழப்பு. இந்த வண்டி யாருக்கும் வேண்டாமுங்க. ஊட்டுக்கு வந்துருங்க."

போனில் கடல் சத்தம் கேட்டது. "மழ பேயுது. மோட்டார் போடாம வந்தா படகு முழுகிருமே" என்றார்.

"முழுகட்டுமுங்க. நாங்கூடத்தான் முழுகிக் கெடக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்படியெல்லாம் அவரிடம் நான் பேசியதே இல்லை.

மழை விட்ட பிறகு ஒரு காலையில் முட்டை லாரி காலி அட்டைகளோடு பண்ணைக்குள் வந்தது. டிரைவர் தம்பி இறங்கி, "அக்கா, இந்தத் தடவ பார்சலு பெருசுங்க" என்றார். பின்னாலேயே இவர் இறங்கினார். கறுத்து, இளைத்து, நான் அனுப்பிய சட்டை தோளில் தொங்கியது. முட்டைத் தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். வீட்டுக்கு வந்ததும் நேராக மொபெட்டிடம் போய் மிதித்தார். ஒரே மிதியில் கிளம்பியது. என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

கூலி இன்னும் வரவில்லை. அந்த அதிகாரி சொன்னபடி எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். இவர் பழைய பட்டறைக்கே போகிறார். ஆனால் மழை பிடித்தால் சாப்பிடும் கை நின்றுவிடும். "அங்க மோட்டார் போட்டிருப்பாங்களா?" என்று கேட்பார். ஓடிப் போகாத அந்த அரசாங்கம், தனக்குச் சொந்தமான படகுக்காகக் கூலி கிடைக்காத ஒரு மனுஷன் வெண்ணந்தூரில் சோற்றை வைத்துவிட்டுக் கவலைப்படுவதை ஒரு மழைநாளிலாவது வந்து பார்க்காதா என்று மனசு ஏங்குகிறது.