மகோகனி மேசைக்கு அடியில் ஒட்டியிருந்த கடதாசி

பழைய மேசை துடைக்கிற வேலையில் குறையத் துடைத்தால் ஏச்சு விழும், கூடத் துடைத்தால் வேலையே போகும். துணியும் வாளியுமாய்ப் பிழைக்கிற என்னைப் போன்ற சகோதரிகளுக்கு இது விளங்கும்.

பிரெஞ்சு நாட்டில், லா சப்பல் என்ற இடத்தில் ஒரு பழைய தளபாடக் கடையில் வேலை செய்கிறேன். இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் பெரிய மாளிகைகளை விற்கும்போது, சாப்பாட்டு அறையில் கிடந்த மகோகனி மேசை கதிரைகளை முதலாளி மதாம் வாங்கி வந்து விற்கிறா. எனக்கு மூன்று மாதம் சோதனைக் காலம். அது முடிந்தால்தான் கொந்த்ரா, அதாவது நிரந்தர வேலை ஒப்பந்தம். அதைக் காட்டித்தான் இந்த நாட்டில் இருக்கிறதுக்கான என் விசாக் காட்டைப் புதுப்பிக்க வேண்டும். எனக்கு நாலு வயதில் மகள் இருக்கிறாள்.

மெழுகு

முதல் கிழமை மேசைக்கு மெழுகை அள்ளி அள்ளிப் பூசினேன். கடையில் சாமான் திருத்துகிற அந்தோனி அண்ணை மன்னார்க்காரர். எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"தங்கச்சி, இது மேசை. பிள்ளைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி வைக்காதை."

நடுப்பலகை

ஒரு மேசையின் நடுப்பலகை மட்டும் கடும் சிவப்பு. நான்தான் துடைத்துப் பழுதாக்கினேனோ என்று பயந்துபோனேன். ஆட்கள் கூட வந்தால் மட்டும் போடுகிற பலகை, மற்ற நேரம் இருட்டறையில் கிடந்ததால் வெயிலில் வெளிறவில்லை என்று மதாம் விளக்கினா. வாங்க வந்த பெண் அதைத் தடவிப் பார்த்தா.

"பாவம், அவ்வளவு பெரிய வீட்டுக்கு ஒருத்தரும் வரேல்லைப் போல."

கடதாசி

புதுச் சட்டி வாங்கினால், ஒட்டியிருக்கிற கடதாசியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, நகத்தால் உரித்த பிறகுதான் அடுப்படிக்குள் எடுப்பேன். அது என் பழக்கம். மூன்றாம் மாதம் ஒரு பெரிய மேசையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அடியில், சிலந்தி வலைக்குள் ஒரு பழுப்புக் கடதாசி. அதையும் அப்படியே உரித்துக் குப்பைப் பையில் போட்டேன்.

அந்தோனி அண்ணை கண்டதும் தலையில் கை வைத்தார். எந்த மாளிகை, எந்த அறை என்று அதில்தான் எழுதியிருந்ததாம். அதை நம்பித்தான் சனிக்கிழமை ஒருவர் வாங்க வருகிறாராம். மதாம் அப்போது கடையில் இல்லை என்று பார்த்து, அண்ணை மெல்லச் சொன்னார்:

"வாயைத் திறக்காதை. ஆரும் கேட்டால், இங்கிலாந்திலையே விழுந்திட்டுது எண்டு சொல்லுவம்."

சனிக்கிழமை

நான் வாய் திறந்து கதைக்கிற ஆள் இல்லை. ஆனால் பொய் சொல்லிவிட்டு அந்த மேசையைத் தினமும் துடைக்க என்னால் ஏலாது. பையைக் கிளறிப் பதினொரு துண்டு பொறுக்கினேன். வீட்டில் துவாயில் பரப்பி, மேலே அரிசிப் பையை வைத்துக் காயவிட்டேன். "நான்தான் உரிச்சனான்" என்பதைப் பிரெஞ்சில் சொல்ல, அடுத்த நாள் காலை என் வீடு இருக்கிற பியர்ஃபித்தில் ரெயின் ஏறினதிலிருந்து பாடமாக்கினேன். சொன்னேன். மதாம் கையை நீட்டித் துண்டுகளை வாங்கினா. அவற்றைப் பொருத்திக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தா. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சனிக்கிழமை வந்த பெரியவரிடம் மதாம் எதையும் ஒளிக்கவில்லை. நான் கதிரைகளுக்குப் பின்னால் நின்றேன். அவர் சட்டத்துக்குள் இருந்த துண்டுகளைப் பார்த்தார். முழங்காலில் நின்று, மேசையின் அடியில் கடதாசி கிடந்த தடத்தையும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பொய்க் கடதாசி எண்டால் ஒருத்தரும் குப்பைக்குள்ளை கிடந்து பொறுக்கமாட்டினம். மேசையை எடுக்கிறன்."

திங்கட்கிழமை மதாம் கையெழுத்து வைத்துத் தந்த என் கொந்த்ராவை, என் ஈரத்துணி எட்டாத அலுமாரி உச்சியில் வைத்திருக்கிறேன்.