"மறுபடியும் ரீஸ்டார்ட் கேட்குது, மேடம்"

கம்ப்யூட்டர் சர்வீஸுக்குப் போகிறவர்கள் முதலில் பழகவேண்டியது, ஒன்றுமே புரியாதபோதும் புரிந்த மாதிரி தலையாட்டுவதைத்தான். அந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பெங்களூரில் ஒரு சின்ன சர்வீஸ் கம்பெனியில் இருந்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க ஒரே புகார். பிரின்டரோடு வந்த சாஃப்ட்வேர் தானாக இன்ஸ்டால் ஆகிறது. முடிந்ததும் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்கிறது. பண்ணினால் மறுபடி முதலிலிருந்து இன்ஸ்டால் ஆகிறது.

மல்லேஸ்வரம் டீச்சர்

வத்சலா டீச்சர் வீட்டில் கணக்கு டியூஷன் எடுப்பவர். சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. கேள்வித்தாளைப் பிரின்ட் எடுக்க முடியவில்லை. நான் அந்த சாஃப்ட்வேரை அடியோடு நீக்கினேன். அதற்கும் ஒரு ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தேன். திரும்பி வந்ததும் எதுவுமே நடக்காத மாதிரி இன்ஸ்டால் ஆக ஆரம்பித்து, இன்னொரு ரீஸ்டார்ட் கேட்டது.

டீச்சர் காபியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கேள்விகளைக் கையால் எழுத உட்கார்ந்தார். "நீ வர்றதுக்கு முன்னாடி ஒண்ணுதானேம்மா கேட்டுண்டிருந்தது?"

பீன்யா லாரி

அடுத்தது பீன்யாவில் ஒரு தொழிற்சாலை. ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் முனிராஜு வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "லாரி லோடு ஏத்தி நிக்குது மேடம். டெலிவரி சலான் பிரின்ட் ஆகலைன்னா கேட் திறக்க மாட்டாங்க." அங்கே ஒரு வழி கண்டுபிடித்தேன். ரீஸ்டார்ட் கேட்கும் கட்டத்துக்குப் பதிலே சொல்லாமல் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டால் பிரின்டர் வேலை செய்தது. லாரி கிளம்பியது. 'ரீஸ்டார்ட் அமுக்க வேண்டாம்' என்று எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டுப் பெருமையாகத் திரும்பினேன்.

மறுநாள் காலையில் போன் வந்தது. "நாங்க யாரும் அமுக்கல மேடம். கரென்ட்டே போயி அமுக்கிடுச்சு."

நீலசந்திரா போஸ்டர்

நீலசந்திராவில் கனகா அக்காவின் டிடிபி கடை. நான் போனபோது பெயின்டர் முருகேசன் அங்கே நின்றிருந்தார். காலையில் அவருடைய அப்பா இறந்துவிட்டார். சவத்தை எடுப்பதற்குள் 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் தெருவில் ஒட்டியாக வேண்டும். படமும் பெயரும் திரையில் தயார். பிரின்ட் கொடுக்கப்போனால் இன்ஸ்டால் ஆகி, ரீஸ்டார்ட் கேட்டது. "ஏதாவது பண்ணும்மா, முருகேசன் முகத்தைப் பார்க்க முடியல" என்று அக்கா என் காதில் சொன்னார்.

கையைக் கட்டிக்கொண்டு திரையை மட்டும் பார்த்தேன். அப்போதுதான் மூலையில் ஒரு சின்னக் கட்டம் மின்னி மறைந்ததைக் கவனித்தேன். ஆன்டிவைரஸ், அந்த சாஃப்ட்வேரின் ஒரு ஃபைலை வைரஸ் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டிருந்தது. ஃபைலைக் காணோமே என்று சாஃப்ட்வேர் தன்னையே மறுபடி போட்டுக்கொண்டிருந்தது. ஆன்டிவைரஸை நிறுத்தினேன். சத்தமில்லாமல் முதல் தாள் வெளியே வந்தது. முருகேசன் அதை இரண்டு கையாலும் வாங்கி, அப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எதுக்கும் காத்துக்கிட்டு நிக்கற ஆளே இல்ல மேடம் எங்கப்பா. இன்னைக்குத்தான் பொறுமையா இருந்தாரு."

எங்கள் ஆபீஸ்

காரணத்தைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் ஆபீஸுக்கு ஓடி, முதலாளி ஸ்டீபன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வெரி குட், அதை டைப் பண்ணிக் குடு" என்றார். எங்கள் கம்ப்யூட்டரைப் போட்டேன். அதே சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆக ஆரம்பித்தது. ஆன்டிவைரஸைத் தேடினேன். அந்தக் கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸே இல்லை.

ஸ்டீபன் சார் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "கஸ்டமர் யாராச்சும் வந்தா மானிட்டரை ஆஃப் பண்ணிடும்மா."

மழை விட்ட பிறகு அந்த சாஃப்ட்வேர் எல்லா இடத்திலும் தானாகவே அடங்கிவிட்டது. சரிபண்ணிய பெயர் மட்டும், அது ஏன் அடங்கியதென்று இன்றுவரை தெரியாத எனக்குக் கிடைத்தது.