கேசட்டில் இருந்த அண்ணன்

என் அண்ணன் பெங்களூரில் வேலை பார்த்தபோது, டிவியோடு இணைக்கும் சின்ன கம்ப்யூட்டர் ஒன்றைக் காரிமங்கலம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதில் ஒரு கதை விளையாட்டு இருந்தது. படமே கிடையாது. திரையில் வரும் கதையைப் படித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று நாம் ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும். அகராதியும் கையுமாக நாங்கள் இருவரும் ஒரு பாழடைந்த கோட்டைக்குள் அலைந்தோம். விட்ட இடத்தை டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டுப் பதிந்து வைப்போம்; கம்ப்யூட்டர் அதைக் கீச்சென்ற சத்தமாக அதில் பதியும்.

அண்ணன் குவைத்துக்குப் போய் இரண்டு வருடமாகிறது. போன கிறிஸ்துமஸ் விடுமுறையில், அவர் நினைப்பு தாங்காமல் அந்த விளையாட்டை முதலிலிருந்து ஆடினேன். நிலவறைக் கதவு வரை வந்ததும் பழைய கேசட்டிலேயே பதிந்தேன். நிறுத்த மறந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். ஓடிவந்து நிறுத்தி, சரியாகப் பதிந்திருக்கிறதா என்று ஓடவிட்டேன். கீச்சென்ற சத்தம் முடிந்து, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அண்ணன் குரல்!

"...அதனால அந்தக் கதவ மட்டும் தொறக்காத கண்ணு. நான் வந்ததும் ரெண்டு பேரும் சேந்து போலாம்."

குவைத்துக்குப் புறப்படும் முன் எனக்காகப் பேசி வைத்திருக்கிறார். முன்பாதியை என் கையாலேயே அழித்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிடம் ஓடியிருந்தால் இதுவும் போயிருக்கும். "என்ன பேசுனீங்கண்ணா?" என்று கடிதம் எழுதினேன். "ஞாபகம் இல்ல கண்ணு, நேர்ல வந்து பேசறேன்" என்று பதில் வந்தது.

இப்போது எந்தக் கேசட்டையும் முழுதாகக் கேட்காமல் அதில் எதையும் பதிவதில்லை. அண்ணன் கேசட்டின் முதுகில் இருந்த இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிட்டேன்; அவை இல்லாத கேசட்டைப் போட்டால் பதிவுப் பொத்தான் அமுங்காது. இனி யார் நினைத்தாலும், நானே மறந்தாலும், அவர் குரல்மேல் எதுவும் பதியாது.